துரு மேல் அடித்த பெயின்ட் ஏன் நிற்கவில்லை?

கேள்வி: தோட்டத்தில் கிடந்த பழைய இரும்பு மேசைக்கும் நாலு நாற்காலிக்கும் போன வருஷம் பெயின்ட் அடித்தேன். ஆறே மாதத்தில் கொப்புளம் கொப்புளமாக எழும்பி உரிந்துவிட்டது. இந்த முறை துருவை எடுத்துவிட்டு அடிக்கலாம் என்றிருக்கிறேன். வினிகரில் ஊறவைத்தால் போதும் என்கிறார்களே, சரியா?

பதில்: வினிகர் துருவைக் கரைக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் முழு நாற்காலியை எதில் ஊறப்போடுவீர்கள்? கழற்ற வருகிற திருகு, நட்டு, சின்னப் பட்டைகளுக்குத்தான் அது தோது. மற்றதெல்லாம் கைவேலைதான்.

துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். அதனால் அடியில் அது வளர வளர மேலே உள்ள பெயின்டைத் தூக்கிவிடும். போன வருஷம் உங்கள் பெயின்ட் பிடித்துக்கொண்டிருந்தது இரும்பை அல்ல, உதிரப்போகிற துருவை.

முதலில் ஒரு காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டாத பாகம் அலுமினியமாக இருக்கலாம். அதற்கு இந்த வைத்தியம் வேண்டாம். துத்தநாகம் பூசிய இரும்பில் காந்தம் ஒட்டும். அதில் வினிகர் பட்டால் பூச்சையே தின்றுவிடும்.

அப்புறம் நாற்காலியைக் கவிழ்த்துப் போடுங்கள். கால் நுனியில் உள்ள ரப்பர் புஷ்ஷைப் பிடுங்கினால் பெரும்பாலும் காவி நிறத் தண்ணீர் கொட்டும். குழாய்க்கால்கள் உள்ளிருந்துதான் அரிக்கும். ஸ்க்ரூடிரைவரின் பிடியால் மேலிருந்து கீழே தட்டிக்கொண்டே வாருங்கள். கணீரென்று கேட்டால் நல்ல இரும்பு. சத்தம் மந்தமாகும் இடத்தில் அதன் முனையால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் முதல் செலவு வெல்டிங்குக்குத்தான்.

ரொம்பப் பழைய சாமான் என்றால் முந்தைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். அதை உலர்வாகத் தேய்க்காதீர்கள், தீயில் காட்டி உரிக்கவும் வேண்டாம். தண்ணீரில் தேய்க்கும் வகை உப்புத்தாள், தூசுக்கு ஏற்ற முகக்கவசம், கீழே விரிக்க ஒரு ஷீட் வேண்டும். குழந்தைகள் அந்தப் பக்கம் வரக்கூடாது.

செதில் செதிலாக நிற்பதை ஸ்கிரேப்பரால் சுரண்டி, கம்பி பிரஷ் போட்டு, 80 நம்பர் உப்புத்தாளில் தொடங்கி 120-இல் முடியுங்கள். வளைவுக் கம்பிகள் சேரும் சந்துகளில்தான் துரு ஒளிந்திருக்கும். உப்புத்தாளை விரல் அகலத்துக்குக் கிழித்து, கம்பியைச் சுற்றிப் போட்டு, இரண்டு முனையையும் பிடித்துத் தயிர் கடைவதுபோல மாறி மாறி இழுங்கள். ஆங்கிள் கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டினால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் கம்பிகள் பிய்ந்து பறக்கும், கண்ணாடி இல்லாமல் தொடாதீர்கள்.

இரும்பு வெள்ளிபோல மின்ன வேண்டும் என்று பாடுபட வேண்டாம். வழுவழுப்பான பரப்பில் பெயின்டுக்குப் பிடிமானம் குறைவு. நகத்தால் சுரண்டினால் எதுவும் உதிரக்கூடாது, அவ்வளவுதான். குழிகளுக்குள் அழுத்தமாக ஒட்டியிருக்கும் துருவுக்கு ரஸ்ட் கன்வெர்ட்டர் தடவலாம். அதில் உள்ள பாஸ்பாரிக் அமிலமோ டானிக் அமிலமோ துருவை அசையாத கரும்படலமாக மாற்றிவிடும். உதிர்கிற துருமேல் தடவினால் காசுதான் வீண்.

சின்னப் பாகங்களை ஓர் இரவு வினிகரில் போட்டு, காலையில் பிரஷ்ஷால் தேய்த்து, சமையல் சோடா கரைத்த தண்ணீரில் அலசி, உடனே துடைத்துக் காயவையுங்கள். வினிகரோடு பிளீச்சிங் பவுடர் மட்டும் சேரவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும்.

இனிமேல்தான் அவசரம். ஒருமுறை சாயங்காலம் ஒரு பெஞ்சைத் தேய்த்துக் கழுவி வைத்துவிட்டு, பெயின்டுக்கு அடியில் முதலில் பூசுகிற பிரைமரைக் காலையில் அடித்துக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டேன். விடிந்து பார்த்தால் மஞ்சள்பொடி தூவியதுபோல மேலெல்லாம் புதுத்துரு! மறுபடி முதலிலிருந்து தேய்த்தேன். ஒரே நாளில் எவ்வளவு பிரைமர் அடிக்க முடியுமோ அவ்வளவை மட்டும் தேய்த்து வையுங்கள். தூசு தட்டி, தின்னர் நனைத்த துணியால் துடைத்த பிறகு வெறுங்கையால் தொடாதீர்கள்; வியர்வை உப்பே போதும் துரு ஆரம்பிக்க.

ரெட் ஆக்சைடு அல்லது ஜிங்க் பாஸ்பேட் பிரைமர். ஓரங்களுக்கும் வெல்டிங் சந்துகளுக்கும் முதலில் பிரஷ்ஷால் ஒரு பூச்சு, பிறகு மொத்தத்துக்கும் மெல்லிசாக இரண்டு. கால் நுனியின் உள்பக்கத்தையும் விடாதீர்கள். தண்ணீர் தேங்கும் குழாயாக இருந்தால், பிரைமருக்கு முன்பே அடியில் சின்னதாக ஒரு வடிகால் துளை போட்டுவிடுங்கள்.

பிரைமர் காய்ந்ததும் மேலே எனாமல் பெயின்ட் அடிக்கலாம். ஆனால் அடித்த கையோடு ரப்பர் புஷ்ஷை மாட்டிவிட வேண்டாம். பெயின்ட் நன்றாக இறுகச் சில நாள் ஆகும். அதற்குள் மாட்டினால் ரப்பர் ஒட்டிக்கொண்டு, அடுத்த முறை கழற்றும்போது பெயின்டையும் சேர்த்து உரித்துக்கொண்டு வரும்.