பழைய எம்ஜிபி-க்குப் புது ஹெடர் போடலாமா?

கேள்வி: என்னிடம் 1970-களில் வந்த எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் இருக்கிறது. ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் மேனிஃபோல்ட் (எஞ்சின் புகையைச் சேர்த்து வெளியே அனுப்பும் குழாய்த் தொகுதி) பக்கம் 'டிக் டிக்' என்று சத்தம், ஓடிச் சூடானதும் குறைந்துவிடுகிறது. பழைய வார்ப்பிரும்பு மேனிஃபோல்டைக் கழற்றிவிட்டு, குழாய்களை வெல்டிங் செய்து இணைத்த ஹெடர் போட்டால் சத்தமும் போகும், பவரும் ஏறும் என்கிறார் நண்பர். செய்யலாமா?

பதில்: பவருக்காக என்றால் வேண்டாம். அந்த 1798 சிசி எஞ்சினில் சிலிண்டர் நான்கு, ஆனால் புகை வெளியேறும் வாசல் மூன்றுதான், நடுவில் இருக்கும் இரண்டு சிலிண்டரும் ஒரே வாசலைப் பங்கு போட்டுக்கொள்கின்றன, அதனால் நெருக்கடி சிலிண்டர் ஹெட்டுக்கு (எஞ்சினின் மேல்பகுதிக்கு) உள்ளேயே தொடங்கிவிடுகிறது. அதற்குக் கம்பெனி கொடுத்த வார்ப்பிரும்பு மேனிஃபோல்டும் ஒன்றும் மோசமில்லை. வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட், ஹெட் எல்லாம் பழையபடியே இருந்தால் ஹெடர் தரும் கூடுதல் பவர் ஓட்டுபவருக்குத் தெரிவதே கஷ்டம், பானெட்டுக்கு அடியில் ஏறும் சூடும் சத்தமும்தான் நன்றாகத் தெரியும்.

சத்தம் வேறு விஷயம். ஆறியிருக்கும்போது கேட்டுச் சூடானதும் அடங்கினால் அது பெரும்பாலும் கேஸ்கெட் (இணைப்பு கசியாமல் நடுவில் வைக்கும் தகடு) கசிவு. இரும்பு விரிந்து இடைவெளியை அடைத்துவிடுகிறது. கசியும் இடத்தில் கரி படிந்திருக்கும், டார்ச் அடித்துப் பாருங்கள். ஆறிய எஞ்சினில் நட்டுகளைச் சரிபார்த்து, தேவைப்பட்டால் கேஸ்கெட்டை மாற்றினாலே பல சமயம் தீர்ந்துவிடும். மேனிஃபோல்டிலேயே விரிசல் விட்டிருந்தால் வெல்டிங் நம்பிக்கையான வேலை இல்லை, விரிசல் இல்லாத இன்னொன்றைத் தேடுங்கள், கிடைக்காவிட்டால் ஹெடர். இடது பக்க ஸ்டியரிங் உள்ள வண்டி என்றால், வாங்குவதற்கு முன்பே அந்த ஹெடர் ஸ்டியரிங் தண்டில் இடிக்காது என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: நான் ஹெடர் போட்டுவிட்டேன். கேஸ்கெட்டை மாற்றி மாற்றிப் பார்த்தும் கசிகிறது. நட்டை இறுக்க இறுக்க ஸ்டட் (ஹெட்டில் பதிந்திருக்கும் மரைக்கம்பி) கையோடு வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: இறுக்குவதை முதலில் நிறுத்துங்கள். கோளாறு கேஸ்கெட்டில் இருக்க வாய்ப்பு குறைவு. இந்த எஞ்சினில் காற்று உள்ளே போகும் மேனிஃபோல்டும் புகை வெளியே வரும் மேனிஃபோல்டும் ஒரே பக்கம், அதுவும் ஒரே ஸ்டட்களைப் பகிர்ந்துகொள்பவை. ஒரு தடித்த வாஷர் பாதி இதன் மேலும் பாதி அதன் மேலும் உட்கார்ந்து இரண்டையும் சேர்த்து அழுத்துகிறது. இப்போது ஹெடரின் ஃபிளான்ஜ் (ஹெட்டோடு ஒட்டும் தட்டையான விளிம்பு) பக்கத்தில் இருக்கும் காற்று மேனிஃபோல்டின் ஃபிளான்ஜைவிட மெலிசாக இருந்தால் என்ன ஆகும்? வாஷர் சாய்ந்து, தடித்ததை மட்டும் பிடித்துக்கொள்ளும். ஹெடர் வெறுமனே தொங்கும். நீங்கள் எவ்வளவு முறுக்கினாலும் அந்த விசை ஹெடருக்குப் போய்ச் சேராது, ஸ்டட்தான் வளையும்.

இரண்டையும் கழற்றி, வாஷர் உட்காரும் இடத்தில் தடிமனை வெர்னியர் வைத்து அளந்து பாருங்கள். அரை மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தாலே தொல்லைதான். வித்தியாசம் எவ்வளவோ அந்த அளவுக்கு வாஷரின் ஒரு பாதியை லேத் பட்டறையில் கடைந்து படி வைத்துத் தரச் சொல்லலாம், அல்லது தடித்த ஃபிளான்ஜில் வாஷர் படும் பகுதியை மட்டும் குறைக்கலாம். முதல் வழிதான் எனக்குப் பிடிக்கும், தப்பாகிப் போனால் ஒரு வாஷரோடு போயிற்று. கையோடு கையாக நேர்விளிம்புக் கட்டை வைத்து ஹெடரின் முகம் சமமாக இருக்கிறதா என்றும் பாருங்கள், வெல்டிங் சூட்டில் புது ஹெடர்கூடக் கோணியிருக்கும்.

மாட்டும்போது நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இரண்டு மூன்று சுற்றாக, சுமார் 20 நியூட்டன் மீட்டர் வரைதான் இறுக்க வேண்டும். கேட்க ரொம்பக் கம்மியாகத் தெரியும், ஆனால் அது போதும். சில முறை ஓட்டிச் சூடாகி ஆறிய பிறகு மறுபடி ஒருமுறை பாருங்கள். நட்டுக்கு அரை அங்குல ஸ்பேனர் போடுங்கள். 13 மில்லிமீட்டர் ஸ்பேனர் பொருந்துவது போலத்தான் இருக்கும், துருப்பிடித்த நட்டு என்றால் முனையை மழுக்கிவிடும்.

கேள்வி: ஸ்டட் துருவேறி அசையவே மாட்டேன் என்கிறது.

பதில்: முந்தின நாளே துரு நீக்கும் எண்ணெய் விட்டு ஊற விடுங்கள். நட்டை ஒரேயடியாகத் திருப்பாமல் கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே என்று அசையுங்கள். கேஸ் டார்ச்சால் சூடுகாட்டுவதாக இருந்தால் கார்புரேட்டர், பெட்ரோல் குழாய் எல்லாம் கழன்று தூரமாகப் போயிருக்க வேண்டும், பேட்டரி இணைப்பும்தான். அப்புறம் கீழே புகைக் குழாயை மேனிஃபோல்டோடு பிடிக்கும் நட்டுகளைப் பித்தளையிலேயே போடுங்கள், அடுத்த முறை கழற்றும்போது நன்றி சொல்வீர்கள்.

கேள்வி: சூடு குறைய ஹெடரைச் சுற்றிச் சூடு தாங்கும் துணி நாடா கட்டலாமா?

பதில்: சூடு குறையும், ஆனால் நாடா ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், சாதாரண இரும்பு ஹெடர் என்றால் உள்ளுக்குள் துருப்பிடித்துப் போகும். முடிந்தால் மாட்டுவதற்கு முன்பே செராமிக் பூச்சு கொடுத்துவிடுங்கள். கார்புரேட்டருக்கும் ஹெடருக்கும் நடுவில் இருக்கும் தகட்டை மட்டும் எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள், அது இல்லாவிட்டால் டிராஃபிக்கில் பெட்ரோல் ஆவியாகி வண்டி திணறும்.