வெள்ளி தேடிப் போனவர்

கேள்வி: முதல் ரயில் இன்ஜினை ஓட்டிக் காட்டிய ரிச்சர்ட் ட்ரெவிதிக் தென் அமெரிக்காவுக்கு எதற்குப் போனார்?

பதில்: வெள்ளிக்காகத்தான்! அவர் அடிப்படையில் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதிச் சுரங்கப் பொறியாளர். பெருவில், 4,000 மீட்டருக்கும் மேலே இருக்கும் செரோ டி பாஸ்கோ வெள்ளிச் சுரங்கங்களில் தண்ணீர் நிரம்பிவிட, காற்றழுத்தத்தை நம்பி ஓடும் பழைய நீராவி இயந்திரங்கள் காற்று மெலிந்த அந்த உயரத்தில் சரிப்படாது என்று இவருடைய உயர் அழுத்த இயந்திரங்களை வாங்கிக் கப்பலேற்றினார்கள். 1816-ல் இவரும் பின்னாலேயே கிளம்பிவிட்டார். ஸ்பெயினிடமிருந்து பெருவின் விடுதலைப் போர் வந்து எல்லாவற்றையும் கெடுத்தது. அப்புறம் கோஸ்டாரிகாவில் தங்கம், காட்டு வழி, ஆற்றில் மூழ்கப் பார்த்தது... 1827-ல் கொலம்பியாவின் கார்த்தஹேனா துறைமுகத்தில் வெறுங்கையோடு நின்றவருக்கு ஊர் திரும்ப 50 பவுண்டு கொடுத்தவர் யார் தெரியுமா? ரயில் இன்ஜின்களுக்குப் பேர்போன ஜார்ஜ் ஸ்டீபன்சனின் மகன் ராபர்ட் ஸ்டீபன்சன்! அவரும் கொலம்பியாவில் சுரங்க வேலை பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். ரயிலால் பேரும் பணமும் ஸ்டீபன்சன் குடும்பத்துக்குத்தான் போனது. ட்ரெவிதிக் 1833-ல் காசில்லாமல் இறந்தபோது, அவரோடு வேலை பார்த்தவர்கள் பணம் போட்டு அடக்கம் செய்தார்கள்.