நாற்காலிக்குப் பின்னால் நிற்பவர்

வணக்கம் சார்,

நான் தாராவி. மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்தவன். இப்போது மும்பை சகார் விமான நிலையத்தில், டி2 டெர்மினலில் வீல்சேர் தள்ளும் வேலை, காண்ட்ராக்ட்டில். நைட் ஷிஃப்ட். ஒரு கூட்டம் ஏறிப் போய் அடுத்த கூட்டம் வருவதற்குள் முக்கால் மணி நேரம் சும்மா நிற்போம். போனைத் தொட்டால் சூப்பர்வைசர் திட்டுவார். அதனால் ஆட்களைப் பார்ப்போம். பந்தயமும் கட்டுவோம்: இவர் என்ன தொழில், அந்தப் பெண் யாரோடு சண்டை போட்டுவிட்டு வருகிறாள், இமிகிரேஷன் தாண்டியதும் யார் நாற்காலியை விட்டு எழுந்து நடப்பார். கடைசிப் பந்தயத்தில் நான் தோற்றதே இல்லை.

போன வாரம் ஓர் அம்மா அப்படித்தான் கடையைப் பார்த்ததும் எழுந்து போனார். "முருகன் அருள், முடம் நடக்குது" என்றேன் நண்பனிடம். தமிழ் யாருக்குப் புரியப்போகிறது என்று நினைத்தேன். அவர் திரும்பிப் பார்த்தார். எதுவும் வாங்காமல் வந்து உட்கார்ந்தார். கேட் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றிலிருந்து மனசு சரியில்லை. ஆட்களை வேடிக்கை பார்ப்பது தப்பா சார்? இவர்களைப் பற்றிக் கதை எழுதும் ஆசையும் இருக்கிறது.

(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள நண்பருக்கு,

மும்பையில், அதுவும் தாராவிக்காரர், தமிழ் யாருக்கும் புரியாது என்று நம்பியது எனக்கு ஆச்சரியம்தான். மாட்டுங்காவில் பூ வாங்கும்போது நான் எத்தனை முறை மாட்டிக்கொண்டிருக்கிறேன் தெரியுமா?

வேடிக்கை பார்ப்பவர்களுக்கு நம் பழைய கவிதையில் ஓர் இடமே ஒதுக்கியிருக்கிறார்கள். அகப்பாடல்களில் 'கண்டோர்' என்று சிலர் வருவார்கள். குறுந்தொகை ஏழாம் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். காட்டு வழியில் ஓர் இளைஞனும் ஒரு பெண்ணும் போகிறார்கள். கண்டோரின் பார்வை முதலில் காலுக்குத்தான் போகிறது. அவன் காலில் வீரக்கழல். அவள் காலில் இன்னும் சிலம்பு. சிலம்பைக் கழற்றுவது கல்யாணத்துக்கு முன்பு செய்யும் சடங்கு. ஆகவே வீட்டுக்குத் தெரியாமல் கிளம்பியவர்கள். இவ்வளவு துப்புத் துலக்கியவர்கள் அடுத்து என்ன சொல்கிறார்கள்? யாரோ, பாவம் என்கிறார்கள். அதோடு சரி. பிறகு பேச்சு அந்தக் காட்டைப் பற்றிப் போய்விடுகிறது: காற்றடித்தால் வாகை நெற்றுகள் கழைக்கூத்தாடியின் பறை மாதிரி ஒலிக்கும் காடு. அவள் அப்பன் யார், இவன் கைவிட்டுவிடுவானா என்று ஒரு சொல் இல்லை.

நான் அப்படி நிறுத்தத் தெரியாதவன். 2014 கடைசியில், டி2 திறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, அலுவலக வேலையாகத் துபாய் போகவேண்டியிருந்தது. கவுன்ட்டர் திறக்க இரண்டு மணி நேரம் இருந்தது. மயில் தோகைக் கண்கள் போட்ட அந்த வெள்ளைக் கூரையை எவ்வளவு நேரம்தான் அண்ணாந்து பார்ப்பது? எதிரே ஒருவர் தரையில் உட்கார்ந்திருந்தார். நைலான் கயிறு கட்டிய அட்டைப் பெட்டி, நான்கு பக்கமும் மார்க்கரில் பெயரும் போன் நம்பரும். புத்தம் புது ஷூ. நிலத்தை விற்று ஏஜெண்டுக்குக் கொடுத்துவிட்டு முதல்முறை கிளம்புகிறவர் என்று முடிவு செய்தேன். கதைக்குத் தலைப்புகூட வைத்துவிட்டேன்.

அவரே எழுந்து வந்தார். "சாச்சா, முதல் தடவையா? ஃபார்ம் நிரப்பித் தரட்டுமா?" என்று இந்தியில் கேட்டார். வெளிநாடு போகும் இந்தியர்களும் அப்போது புறப்பாட்டு அட்டை எழுதித் தரவேண்டும். 2017 ஜூலையில்தான் அதை எடுத்தார்கள். பீகாரில் சிவான் மாவட்டத்துக்காரர், குவைத்தில் ஒன்பது வருடமாகக் கிரேன் ஓட்டுகிறார். பழைய ஷூவைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டாராம். நிமிஷத்துக்கு ஒருமுறை நான் சட்டைப் பையில் பாஸ்போர்ட்டைத் தொட்டுப் பார்த்ததை அவர் கவனித்திருக்கிறார். என்னைவிட நல்ல கண்டோர்.

உங்கள் பந்தயத்துக்கு வருகிறேன். எனக்குத் தெரிந்ததைவிட உங்களுக்கு இது நன்றாகத் தெரியும். பயணச்சீட்டில் வீல்சேருக்கு டபிள்யூசிஎச் என்று போட்டு நாலாவது எழுத்து ஒன்று இருக்கும். 'சி' என்றால் நடக்கவே முடியாதவர், இருக்கை வரை கொண்டுபோய் உட்காரவைக்க வேண்டும். 'எஸ்' என்றால் படி ஏற முடியாதவர். 'ஆர்' என்றால் படியும் ஏறுவார், நாலடியும் நடப்பார், நீண்ட தூரம்தான் ஆகாது. 'ஆர்' போட்டவர் கடைக்கு எழுந்து போனால் அதில் முருகன் செய்ய என்ன இருக்கிறது? வழியும் மொழியும் தெரியாத பயத்தில் நாற்காலி கேட்பவர்களும் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். கூட்டிக்கொண்டு போக மட்டும் ஆள் கேட்கலாம் என்பது பாதிப்பேருக்குத் தெரியாது. ஆனால் 2024 பிப்ரவரியில் உங்கள் விமான நிலையத்தில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். கணவன், மனைவி இருவரும் நாற்காலி கேட்டிருந்தார்கள். கிடைத்தது ஒன்று. மனைவியை அதில் உட்காரவைத்துவிட்டுக் கூடவே நடந்துபோன 80 வயதுக்காரர் விழுந்து இறந்துபோனார். விமான நிறுவனத்துக்கு 30 லட்சம் ரூபாய் அபராதம் போட்டார்கள். அவரும் நடக்கக்கூடியவர்தான்.

கதை எழுதும் ஆசை என்கிறீர்கள். எழுதுங்கள். பெயர், ஊர், சீட்டு நம்பர் மட்டும் வேண்டாம். என்னைப் போன்றவர்கள் ஏங்கவேண்டிய இடத்தில் நீங்கள் நிற்கிறீர்கள். தள்ளும்போது நீங்கள் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை, அவரும் உங்களைப் பார்ப்பதில்லை. முகம் தெரியாவிட்டால் வாய் திறந்துகொள்ளும். என் அக்கா நியூஜெர்சி போனபோது தள்ளிக்கொண்டு போன பையனிடம் மருமகளைப் பற்றி எல்லாவற்றையும் கொட்டிவிட்டாளாம். "மனசு லேசாயிருச்சுடா" என்றாள். என்ன சொன்னாள் என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது. அந்தப் பையன் மராட்டி, அக்காவுக்குத் தமிழ் மட்டும்தான்.

முகம் தெரியாது, ஆனால் மேலேயிருந்து பார்த்தால் மடி தெரியுமே. பாஸ்போர்ட்டைச் சுற்றிய ரப்பர் பேண்ட், மடியில் வைத்த கைகள், ஊறுகாய்ப் பாட்டிலைப் பிடித்திருக்கும் விதம்.

அந்த அம்மா கேட் வரை பேசவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எப்படியும் பத்து நிமிஷ நடை. அவ்வளவு நேரமும் அவர் மடியில் என்ன இருந்தது? அதை எனக்கு எழுதுங்கள். அவர் யார், யாரைப் பார்க்கப் போனார் என்பதெல்லாம் வேண்டாம்.

அன்புடன்.