“நான் இல்லை, என் பாத்திரம் பேசியது” என்பவரின் பதிவை நீக்கலாமா?

நீங்கள் நடத்தும் ரோல்பிளே மன்றத்தில் (ஆளுக்கொரு பாத்திரமாக மாறி மாறிப் பதிவிட்டுக் கதை எழுதும் இடம்) கொள்ளைக்காரனாக ஆடியவர் எதிரே விளையாடியவரைத் திட்டிவிட்டு இப்படிச் சொல்கிறார், அவர் பதிவை நீக்கலாமா என்று கேட்கிறீர்கள். நீக்கலாம், ஆனால் கெட்ட வார்த்தை பேசினார் என்பதற்காக அல்ல. கொள்ளைக்காரன் பாத்திரம் திட்டத்தான் செய்யும். எதிரே விளையாடியவர் “போதும், நிறுத்துங்க” என்று எழுதிய பிறகும் அவர் இன்னும் மூன்று பதிவு போட்டிருக்கிறார் என்கிறீர்களே, தப்பு அங்கேதான்.

உங்கள் விதிகளில் “மரியாதையாகப் பேசவும்” என்று ஒரே வரிதான் இருக்கும் என்று நினைக்கிறேன். அது கதைக்குள்ளும் செல்லுமா, வெளியே மட்டுமா? இப்படிப் பிரித்து எழுதுங்கள்:

1. கதைக்கு வெளியே பேசுவதெல்லாம் இரட்டை அடைப்புக்குறிக்குள். அங்கே “நிறுத்து” என்று வந்தால் காட்சி அப்படியே நிற்க வேண்டும், காரணம் கேட்கக் கூடாது. நேரில் உட்கார்ந்து ஆடும் ரோல்பிளே விளையாட்டுகளில் எக்ஸ்-கார்டு (மேசையில் வைக்கும் X போட்ட அட்டை; யாராவது அதைத் தொட்டால் அந்தக் காட்சியை விட்டுவிட வேண்டும்) இதற்குத்தான்.

2. அடுத்தவர் பாத்திரத்துக்கு என்ன ஆனது என்று நீங்கள் எழுதக் கூடாது. “வாளை வீசினேன்” சரி. “உன் கை துண்டானது” என்றால் அது பவர்கேமிங்.

அப்புறம், பழைய புகார்கள் சிலவற்றை எடுத்து இரண்டு மாடரேட்டர்களிடம் தனித்தனியாகக் கொடுத்துப் பாருங்கள். தீர்ப்பு வேறுபட்டால் விதியின் வாசகத்தைத் திருத்துங்கள்.

ஒன்று மட்டும்: சாதி வசவுக்கும் சிறுவரை வைத்து எழுதும் பாலியல் காட்சிக்கும் இருவரும் சம்மதித்தாலும் இடம் தராதீர்கள். அதைப் படிப்பவர்கள் அந்த இருவர் மட்டும் இல்லை.