சாப்பாட்டு ஜெபத்துல வாயே திறக்க முடியல மேடம்

வணக்கம் மேடம். எனக்கு 20 வயசு, பிஎஸ்சி விலங்கியல் மூணாவது வருஷம், ஊரு திருநெல்வேலி பக்கம். அப்பா சபையில உபதேசியார். போன மாசம் லேப்ல 72 மணி நேர கோழிக்கரு ஸ்லைடு பாத்தேன், மீனுக்கு செவுள் வர்ற இடத்துல வரிவரியா மடிப்பு, மனுஷக் கருவுலயும் இதே மாதிரி வந்து அப்புறம் தாடை, காது எலும்பு, தொண்டைன்னு மாறிடும்னு மிஸ் சொன்னாங்க. சிலிர்த்துப்போச்சு, ஏன்னா உயிரெல்லாம் ஒரே மூதாதையில இருந்து மாறி மாறி வந்துச்சுங்கற பரிணாமம் பொய்னு எனக்குத் தோணவே இல்ல. அந்த வாரமே வாலிபர் கூட்டத்துல ஒரு அங்கிள், பரிணாமத்த நம்புறவன் கர்த்தரை மறுதலிக்கிறவன்னு சொல்லிட்டார். அதுல இருந்து, சாப்பாட்டு ஜெபம் அப்பா என்னைத்தான் பண்ணச் சொல்வார், வார்த்தை வரல, தொண்டை அடைக்குது, ராத்திரி தூக்கமும் இல்ல. நான் விசுவாசத்த விட்டுட்டேனா? அப்பாவுக்குத் தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவார்.

ஆலோசகர் பதில்:

அன்பு மகளே, ஜெபம் வரலையேன்னு இவ்ளோ தவிக்கிற பொண்ணை விசுவாசத்த விட்டவன்னு என்னால சொல்ல முடியாதும்மா. உன் கடிதத்துல பரிணாமத்த விளக்கின டார்வின் பேரு ஒரு தடவைகூட இல்ல, அப்பா மூணு தடவை வர்றார். பயம் எங்க இருக்குன்னு அதுலயே தெரியுது.

அந்த அங்கிள் சொன்னது அவரோட கருத்து, கிறிஸ்தவங்க எல்லாரோட முடிவும் இல்ல. மனுஷ மரபணுத் தொகுப்ப வரிசைப்படுத்தின மனித ஜீனோம் திட்டத்த நடத்தின பிரான்சிஸ் காலின்ஸ் இயேசுவை நம்புறவர், பரிணாமத்தையும் முழுசா ஏத்துக்கிட்டவர். பரிணாமம் வெறும் யூகம் இல்ல, அதுக்கும் மேலன்னு 1996ல போப் இரண்டாம் ஜான் பால் சொன்னார். இன்னொண்ணு, ஆதியாகமம் முதல் அதிகாரத்த நிதானமா வாசிச்சுப் பாரு, சாயங்காலமும் விடியற்காலமும் முதல் நாள்லயே வந்துடுது, சூரியன் நாலாம் நாள்தான் வருது, அப்போ அது என்ன மாதிரி நாள்னு பழைய காலத்து பிஷப் அகஸ்டின் 1,600 வருஷம் முன்னாடியே யோசிச்சிருக்கார், டார்வினுக்குப் பயந்து யாரும் அந்தக் கேள்விய உண்டாக்கல.

ஆனா ஆதாம் யாரு, பாவமும் சாவும் எப்படி வந்துச்சுங்கறது கஷ்டமான கேள்விதான், படிச்ச விசுவாசிகளே அதுல ஒத்துப்போகல. 20 வயசுல நீ பரீட்சைக்கு எழுதுற மாதிரி விடை எழுதிக் குடுக்கணும்னு யாரும் கேக்கல. கேள்வி வர்றது பாவமும் இல்ல, சங்கீதத்துல ஏன் கர்த்தாவேன்னு எத்தனை தடவை கேட்டிருக்காங்க.

அப்பாகிட்ட பேசு, ஆனா கோழிக்கருவுல ஆரம்பிக்காத. ஞாயித்துக்கிழமை பரபரப்புலயும் வேணாம், ஒரு ராத்திரி சாப்பிட்டு முடிச்சு அவர் தனியா இருக்கறப்போ, "அப்பா, கொஞ்ச நாளா எனக்கு ஜெபம் வரல, பயமா இருக்கு"ன்னு அவ்ளோதான் சொல்லு. அவர் முதல்ல வருத்தப்படலாம், கோபம்கூட வரலாம், உடனே பதில் சொல்லி ஜெயிக்கப் பாக்காத. அதுவரைக்கும் சாப்பாட்டு நேரத்துல "இன்னைக்கு நீங்க பண்ணுங்கப்பா"ன்னு சொல்லிட்டு கண்ண மூடி உக்காந்துக்கோ, போதும். இன்னும் ரெண்டு வாரத்துல தூக்கம் சரியாகலன்னா காலேஜ் கவுன்சலரையோ டாக்டரையோ நேர்ல பாரு, அத தள்ளிப்போடாத.