முட்டி வலியோடு ராஜகிரி ஏறலாமா?

கேள்வி: எனக்கு வயது 52. தினமும் காலையில் சில்வர் பீச்சில் நான்கு கிலோமீட்டர் நடக்கிறேன். எங்கள் பகுதி நடைக்குழுவினர் மாதம் ஒருமுறை வெளியூர் நடை போவார்கள். ஜனவரி கடைசியில் செஞ்சிக் கோட்டையில் ராஜகிரி உச்சி வரை ஏறப்போகிறார்கள். எனக்கு மாடிப்படி ஏறும்போது ஒன்றும் தெரிவதில்லை, இறங்கும்போதுதான் முட்டி வலிக்கிறது. குழுவில் இளவயதுக்காரர்கள் அதிகம். என்னால் எல்லோரும் காத்திருக்க நேருமோ என்று கூச்சமாக இருக்கிறது. இன்னும் எட்டு வாரம் இருக்கிறது. போகலாமா?
– வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: போகலாம். ஆனால் முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். முட்டி வீங்குகிறதா, நடுவில் பூட்டிக்கொள்கிறதா, திடீரென்று மடங்கி விழப் பார்க்கிறீர்களா? இதில் ஒன்று இருந்தாலும் எலும்பு மருத்துவரைப் பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம். வலி மட்டும்தான் என்றால், பெரும்பாலும் தொடையின் முன்பக்கத் தசைக்குப் போதிய பலம் இல்லாததுதான் காரணம். இறங்கும்போது அந்தத் தசை நீண்டுகொண்டே உடல் பாரத்தைப் பிடித்து நிறுத்த வேண்டும். அது சோர்ந்தால் பாரம் முட்டிச் சில்லின் மேல் விழும். கடற்கரையில் எத்தனை கிலோமீட்டர் நடந்தாலும் இந்தத் தசைக்கு அந்த வேலை வருவதே இல்லை.

ராஜகிரி சுற்றுத் தரையிலிருந்து சுமார் 800 அடி உயரம். ஒரு மாடிக்குப் பத்தடி என்று வைத்தால் எண்பது மாடி. ஏறி முடித்தால் பாதி வேலைதான் ஆகியிருக்கும். களைத்த காலோடு அதே எண்பது மாடியை இறங்க வேண்டும். பலரும் உச்சியில் நின்று ‘முடிந்தது’ என்று நினைப்பதால்தான் இறக்கத்தில் கால் பிசகுகிறது.

முதல் மூன்று வாரம் ஒன்றுவிட்டு ஒரு நாள் இதைச் செய்யுங்கள். மாடிப்படியின் கடைசிப் படியில் கைப்பிடியைப் பிடித்து நில்லுங்கள். ஒரு காலில் பாரத்தை வைத்துக்கொண்டு, மறு காலின் குதிகால் தரையைத் தொடும்வரை மூன்று எண்ணி மெதுவாக இறக்குங்கள். தொட்டதும் மேலே வாருங்கள். ஒரு காலுக்குப் பத்து முறை, இரண்டு சுற்று. முட்டி உள்பக்கமாகச் சாயாமல் கால்விரல் நோக்கும் திசையிலேயே மடங்க வேண்டும். சாய்ந்தால் பலனில்லை, வலிதான் மிஞ்சும். தொடை மறுநாளோ அதற்கு மறுநாளோ வலித்தால் கவலை வேண்டாம், புது வேலை செய்த தசை அப்படித்தான் வலிக்கும். முட்டிக்குள் வலித்தால் படியின் உயரத்தைக் குறையுங்கள்.

நான்காம் வாரத்திலிருந்து மாடி ஏறி இறங்குவதைச் சேருங்கள். இரண்டு மாடி வீடு என்றால் ஆறு முறையில் தொடங்கி, வாரத்துக்கு மூன்று முறை கூட்டி, ஏழாம் வாரம் பதினைந்து முறைக்கு வாருங்கள். எட்டாம் வாரம் ஓய்வு, கடற்கரை நடை போதும். ஞாயிற்றுக்கிழமைகளில் பாகூர் ஏரிக்கரை, ஊசுட்டேரிக் கரை என்று நீண்ட நடையாக எட்டு, பத்து கிலோமீட்டர் போகலாம். மழை பெய்த மறுநாள் மட்டும் வேண்டாம், கரை மண் வழுக்கும்.

காலணி புதிதாக வாங்குவதானால் இப்போதே வாங்குங்கள். மாலையில் கால் சற்று வீங்கியிருக்கும்போது, போடப்போகும் சாக்ஸோடு போட்டுப் பாருங்கள். பெருவிரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும், இல்லாவிட்டால் இறக்கத்தில் நகம் மோதிக் கறுத்துவிடும். அடிப்பாகம் தேய்ந்த பழைய ஷூ வேண்டவே வேண்டாம், பலர் மிதித்துத் தேய்ந்த கருங்கல் படியில் அது நிற்காது. இறங்கும் முன் நாடாவைக் கணுக்காலருகே இறுக்கிக் கட்டுங்கள். கால் எங்காவது எரிந்தால் அப்போதே நின்று பிளாஸ்டர் ஒட்டுங்கள், கொப்புளம் வந்த பிறகு ஒட்டிப் பெரிய பலனில்லை.

இறங்கும் முறை: அடியைச் சின்னதாக்கி, முட்டியைச் சற்று மடக்கியே வைத்து, பாதம் முழுவதும் பதிய மிதியுங்கள். படி உயரமாக இருந்தால் பக்கவாட்டில் திரும்பி இறங்குங்கள். ஒரு கைத்தடி இருந்தால் பாரத்தில் ஒரு பங்கை அது வாங்கிக்கொள்ளும்.

இனி உங்கள் கூச்சம். ஒரு குழு தன்னிலேயே மெதுவாக நடப்பவரின் வேகத்தில்தான் நடக்க வேண்டும், இதில் நீங்கள் மன்னிப்புக் கேட்க எதுவும் இல்லை. பல குழுக்களில் நடக்கும் தப்பு இதுதான்: முன்னால் போனவர்கள் உட்கார்ந்து இளைப்பாறுவார்கள், பின்தங்கியவர் வந்து சேர்ந்ததும் எழுந்து கிளம்பிவிடுவார்கள். யாருக்கு ஓய்வு அதிகம் தேவையோ அவருக்கு மட்டும் அது கிடைப்பதே இல்லை. கடைசி ஆள் வந்த பிறகு இன்னும் ஐந்து நிமிடம் உட்கார வேண்டும் என்று வழிநடத்துபவரிடம் முன்கூட்டியே பேசுங்கள். வரிசையில் அவருக்கு அடுத்து இரண்டாவதாக நடங்கள். வால்பகுதியில் இடைவெளி நீண்டு நீண்டு குறையும், அங்கே நடப்பவர் ஓடிப் பிடிக்க வேண்டியிருக்கும். எல்லோருக்கும் பின்னால் பொறுப்பான ஒருவர் வருகிறாரா, எத்தனை மணி ஆனால் உச்சி எட்டாவிட்டாலும் திரும்புவது, கிளம்பும்போதும் திரும்பும்போதும் தலை எண்ணுகிறார்களா என்று கேளுங்கள். பதில் இல்லாத குழுவோடு மலைக்குப் போகாதீர்கள், ஏரிக்கரை நடையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தண்ணீர் மூன்று லிட்டர். ஒரு லிட்டருக்கான ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை முழுசாக ஒரு லிட்டரில்தான் கலக்க வேண்டும், பாதிப் பாதியாக அல்ல. கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் வருகிற பெண்கள் நிறையப் பேர். தலைவலி, கால் பிடிப்பு, மயக்கம் எல்லாம் அதிலிருந்துதான் வருகின்றன. விழுப்புரத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள், ஏறத் தொடங்கும் முன் இன்னொரு முறை போய்விட்டு, வழியில் கால் மணிக்கொரு தரம் இரண்டு மடக்குக் குடியுங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவரானால் அன்றைய வேளை பற்றி மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். கடலை மிட்டாய், புளியோதரை போதும். குரங்குகள் அதிகம், தின்பண்டம் பையை விட்டு வெளியே வரக்கூடாது, கையில் பிளாஸ்டிக் கவர் தொங்கக்கூடாது. பாறையில் தேன்கூடு தெரிந்தால் சத்தம் போடாமல் விலகிப் போங்கள்.

ஜனவரியானாலும் பத்து மணிக்குமேல் பாறை சுடத் தொடங்கும். கோட்டை வாயில் திறக்கும் நேரத்துக்கே அங்கே நிற்கும்படி கடலூரிலிருந்து கிளம்புங்கள்.

ஏழாம் வாரப் பயிற்சிக்கு மறுநாள் முட்டி வீங்கினால் இந்த முறை உச்சி வேண்டாம். அதைக் குழுவினரிடம் முன்பே சொல்லிவிடுங்கள், ஒருவர் உங்களோடு கீழே இருக்கட்டும். கல்யாண மகால், களஞ்சியம், ஆனைக்குளம், வெங்கடரமணர் கோயில், சாதத்துல்லாகான் மசூதி என்று கீழ்க்கோட்டையைச் சுற்றிவரவே அரை நாள் ஆகும், அதில் பெரும்பகுதி சமதரை நடைதான்.