குழந்தையின் இரைப்பை நெஞ்சுக்குள் ஏறியது எதனால்?

கேள்வி: ஏற்காட்டில் காப்பித் தோட்ட வேலைக்குப் போகிறேன். ஐந்தாம் மாதம். சேலத்தில் ஸ்கேன் எடுத்ததில், குழந்தையின் உதரவிதானத்தில் ஓட்டை, இரைப்பை நெஞ்சுக்குள் இருக்கிறது என்றார்கள். கணவர் என் அத்தை மகன். மூட்டை தூக்கியதாலா, கொண்டை ஊசி வளைவுகளில் பஸ்ஸில் குலுங்கியதாலா, சொந்தத்தில் கட்டியதாலா?

பதில்: மூட்டையையும் பஸ்ஸையும் முதலில் மறந்துவிடுங்கள், அம்மா. நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத்திரைதான் உதரவிதானம். முதல் மூன்று மாதத்துக்குள் அது மூடிவிட வேண்டும். மூடாமல் போனால், அந்த வழியாகக் குடலும் இரைப்பையும் மேலே ஏறிவிடும். பெரும்பாலும் இடப்பக்கம், பின்புறம். ரிப்போர்ட்டில் 'போக்டலெக்' என்று போட்டிருந்தால் அதுதான். சுமார் 3,000 குழந்தைகளில் ஒன்றுக்கு வருகிறது. உங்கள் வயிறு வெளியே தெரியும் முன்பே நடந்து முடிந்த விஷயம் இது.

சொந்தத்தில் கட்டியதற்கு ஒரே வார்த்தையில் பதில் இல்லை. பெரும்பாலான குழந்தைகளுக்கு இன்னதுதான் காரணம் என்று கைகாட்ட முடிவதில்லை. ஆனால் ஃப்ரின்ஸ் சிண்ட்ரோம் போன்ற அரிய கோளாறுகள் சில, தாய் தந்தை இருவரிடமிருந்தும் ஒரே ஜீனின் பழுது வந்து சேர்ந்தால் வருபவை. உறவில் மணந்தவர்களுக்கு அந்த வாய்ப்புக் கூடுதல். அதனால் கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். அடுத்த குழந்தைக்கும் அந்தத் தகவல் உதவும்.

என் கவலை வேறு. இப்படிப் பிறக்கும் 10 குழந்தைகளில் ஏறக்குறைய 4 பேருக்கு வேறு குறையும் கூடவே இருக்கிறது. அதில் இதயக் கோளாறுதான் அதிகம். 13-ஆவது, 18-ஆவது குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருக்கும் கோளாறுகளும் உண்டு. ஆகவே குழந்தையின் இதயத்துக்குத் தனியாக எக்கோ ஸ்கேன், டாக்டர் சொன்னால் பனிக்குட நீர்ப் பரிசோதனை, இரண்டையும் தள்ளிப்போடாதீர்கள். கல்லீரலும் மேலே ஏறியிருக்கிறதா, நுரையீரல் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்றும் கேளுங்கள். ஓட்டையைத் தைத்துவிடலாம், இடமில்லாமல் வளராது போன நுரையீரல்தான் உயிருக்குப் போராட்டம்.

மலையில் பிரசவம் வேண்டவே வேண்டாம். வளைகாப்பு முடிந்து தாய்வீடு போவதானாலும், பச்சிளங்குழந்தைக்கு வென்டிலேட்டரும் குழந்தை அறுவை நிபுணரும் இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் தங்குங்கள். பிறந்ததும் மாஸ்க் வைத்துக் காற்றடித்தால், அது இரைப்பையை ஊதவைத்து நுரையீரலை இன்னும் நெருக்கும். நேராக மூச்சுக்குழாயில் டியூப் போட வேண்டும். ஆபரேஷன், குழந்தை நிலைப்பட்ட பிறகுதான். வலி எடுத்துப் போகும்போது ஸ்கேன் ஃபைலை மறக்காமல் கையில் எடுங்கள். பிரசவ அறையில் எந்த டாக்டர், நர்ஸ் இருந்தாலும் முதலில் அதைக் காட்டுங்கள்.